மருந்து எதைத் தொடாமல் விடுகிறது?

மூளைக்குள் உருவாகும் ஒரு கொழுப்புப் பொருளுக்கு நமக்கு நன்றாகத் தெரிந்த பெயர் வாய்த்திருக்கிறது. 1992இல் எருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்தில், ரஃபேல் மெஷூலமின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வில்லியம் டிவேனும் லூமீர் ஹனுஷும் பன்றி மூளைகளை அரைத்து, வடித்து, பிரித்தெடுத்துக் கடைசியில் துளியூண்டு பொருளைக் கண்டெடுத்தார்கள். கஞ்சாவின் போதைச் சத்து மூளையின் எந்த ஏற்பியில் போய் உட்காருகிறதோ, அதே இடத்தில் உட்காருவதற்கென்று உடம்பு தானே செய்துகொள்ளும் சரக்கு அது. சமஸ்கிருதத்தின் ஆனந்தத்தையும் வேதியியலின் அமைடையும் ஒட்டி ‘ஆனந்தமைடு’ என்று பெயரிட்டார்கள். பெயருக்கேற்றபடி அது நெடுநேரம் நிலைப்பதில்லை. தேவைப்படும் நொடியில் நரம்பு செல்லின் சவ்விலிருந்து பிறந்து, வேலை முடிந்த சில நிமிடங்களில் சிதைந்துவிடும். சிதைப்பது ஒரு நொதி. 1996இல் கலிஃபோர்னியாவின் ஸ்க்ரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் பெஞ்சமின் க்ராவட் குழுவினர் அதன் மரபணுவைப் பிடித்தார்கள். அதன் நீண்ட பெயரைச் சுருக்கி ஆய்வாளர்கள் ‘ஃபா’ என்பார்கள். அன்றிலிருந்து மருந்து நிறுவனங்கள் போட்ட கணக்கு நேரானது. ஃபாவை நிறுத்தினால் ஆனந்தமைடு தேங்கும். வலியும் பதற்றமும் குறையும். கஞ்சாவும் வேண்டாம், அதன் மயக்கமும் வேண்டாம். இந்தக் கணக்கில் பெரிய தப்பு இல்லை. தப்பு வேறிடத்தில் நேர்ந்தது. ஒரு தடுப்பானை எடைபோடும்போது அது எதை எவ்வளவு இறுக்கமாகத் தடுக்கிறது என்று பார்த்தார்கள். எதையெல்லாம் தொடாமல் விடுகிறது என்று அதே அக்கறையோடு பார்க்கவில்லை. இந்த இரண்டாவது கேள்வியைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

மூளையிலிருந்து நீரை எடுத்துவிட்டால் மிஞ்சுவதில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. இடுப்பில் சேரும் சேமிப்புக் கொழுப்போடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நரம்பு செல்லின் சுவர், நரம்பிழையைச் சுற்றிய உறை, ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் சேதிகளில் பல, எல்லாம் கொழுப்பால் ஆனவை. சுவரிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளிச் சேதியாக அனுப்புவதும், சேதி சேர்ந்ததும் அதை உடைத்துத் திரும்பப் பயன்படுத்துவதும் அங்கே ஓயாமல் நடக்கும் வேலை. உடைக்கும் நொதிகளில் பல ஒரே வம்சம்: உள்ளே ஒரு குழி, குழியின் அடியில் செரின் என்ற அமினோ அமிலம். கொழுப்பு குழிக்குள் இறங்கியதும் செரின் அதைப் பற்றி முறிக்கும்; ஒரு பாதி உடனே வெளியேறும், மறுபாதி கணநேரம் செரினோடு ஒட்டியிருக்கும், பிறகு ஒரு நீர் மூலக்கூறு வந்து அதையும் கழற்றிவிடும். தெருமுனைக் கரும்புச்சாறு வண்டியின் உருளைகள் போலத்தான். கரும்பு நுழைகிறது, சாறும் சக்கையும் பிரிகின்றன, உருளை அடுத்த கழிக்குத் தயார். பார்வைக்குக் கரும்பாகவே இருந்து, பாதி நசுங்கியதும் சக்கை வெளியே வராமல் பற்களில் இறுகிக்கொள்கிற ஒரு குச்சியைத் திணித்தால் வண்டி நின்றுவிடும். பல தடுப்பான்களின் வேலை இதுதான். கொழுப்பு போல நடித்து உள்ளே போய்ச் செரினில் ஒட்டிக்கொள்ளும். நீரால் அதைக் கழற்ற முடியாது. செல் புதிய நொதியைச் செய்துகொண்டால்தான் உண்டு. இதில் சங்கடம், அந்தத் தெருவில் நிற்பது ஒரு வண்டி மட்டுமில்லை. செரினை வைத்துப் பிழைக்கும் இப்படிப்பட்ட நொதிகள் மனித உடம்பில் 200க்கு மேல். பல்லமைப்பு எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்று.

ஃபாவை நிறுத்துவதில் நம்பிக்கை பிறக்க நல்ல காரணங்கள் இருந்தன. ஃபா மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளை க்ராவட் குழு 2001இல் விவரித்தபோது, அவற்றின் மூளையில் ஆனந்தமைடு 15 மடங்கு கூடியிருந்தது. வலி குறைவாக உறைத்தது. மற்றபடி அவை ஆரோக்கியமாகவே இருந்தன. 2003இல் ஒரு தடுப்பான் எலிகளின் பதற்றத்தைக் குறைத்தது. மனிதரிலேயே சான்று உண்டு. 2019இல் மருத்துவ இதழொன்றில் வெளியான ஆய்வில், அறுபது வயதைத் தாண்டிய ஸ்காட்லாந்துப் பெண் ஒருவரின் மரபணுக்களை ஆராய்ந்திருந்தார்கள். பிறவியிலேயே அவருக்கு ஃபாவின் செயல் குன்றியிருந்தது. வலி என்றால் என்னவென்றே ஏறக்குறைய அறியாதவர்; கை சுட்டுக்கொண்டால்கூடத் தசை கருகும் வாடை வந்த பிறகுதான் தெரியும்; கவலையும் அச்சமும் மிகக் குறைவு. மறதி மட்டும் சற்று அதிகம். ஃபா ஆயுள் முழுக்கக் குன்றியிருந்தாலும் மூளை அழிந்துவிடுவதில்லை என்பதற்கு அவர் சாட்சி. இந்தச் சாட்சியம் பின்னால் தேவைப்படும்.

ஆனாலும் முதல் பெரிய சோதனையே ஏமாற்றியது. ஃபைசர் நிறுவனத்தின் ஃபா தடுப்பான் ஒன்றை மூட்டுத் தேய்மானத்தால் முழங்கால் வலியோடு இருந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, முடிவை 2012இல் வெளியிட்டார்கள். இரத்தத்தில் ஃபாவின் செயல் 96 சதவீதத்துக்கு மேல் நின்றுபோயிருந்தது. ஆனந்தமைடு கூடியிருந்தது. வலி மட்டும் குறையவில்லை. ஒப்பீட்டுக்குக் கொடுத்த நாப்ராக்சன் என்ற பழைய மாத்திரை வலியைக் குறைத்தது என்பதால் சோதனை நடந்த விதத்தைக் குறை சொல்லவும் வழியில்லை. ஏன் இப்படி என்று உறுதியாகச் சொல்வார் இல்லை. ஆனந்தமைடுக்கு வேறு முகங்கள் இருப்பது மட்டும் தெரியும். மிளகாயின் காரம் நாக்கில் எந்த ஏற்பியைத் தட்டி எரிச்சலை எழுப்புகிறதோ, அதையும் இது தட்டும். ஆனந்தம் அளவுக்கு மீறித் தேங்கினால் எரிச்சலும் கூடவே எழலாம். ஃபாவுக்கும் அப்படி இன்னொரு முகம் உண்டு. உடைக்கும் நொதி என்று பெயர் வாங்கிய அது ஒட்டவும் செய்யும்: நாம் விழுங்கும் பாராசிட்டமாலின் ஒரு பகுதி கல்லீரலில் உருமாறி மூளைக்குப் போனதும், அதை ஒரு கொழுப்பமிலத்தோடு இணைத்துப் புதுப் பொருளாக்குவது ஃபாதான் என்று 2005இல் எலிகளில் கண்டார்கள். ஆக, உடைப்பவர் என்று நினைத்து ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தினால், அவர் கட்டிக்கொண்டிருந்த சுவரும் நின்றுபோகும். ஆனந்தமைடின் உறவான வேறொரு கொழுப்பை உடைக்கும் நொதியைச் சுண்டெலிகளில் நாள்கணக்கில் தடுத்தபோது நடந்ததும் பாடம்தான். வலி முதலில் குறைந்தது, பின்பு பழையபடி திரும்பியது. சேதி ஓயாமல் கொட்டியதால் ஏற்பிகள் மரத்துப்போயின.

இதுவரை சொன்னது வீணான முயற்சிகளின் கதை; யாருக்கும் பெரிய கேடில்லை. 2016 ஜனவரியில் பிரான்சின் ரென் நகரில் நடந்தது அப்படியல்ல. போர்ச்சுகலின் பியால் நிறுவனம் உருவாக்கிய, பி.ஐ.ஏ. 10-2474 என்று எண்ணால் மட்டுமே அறியப்பட்ட ஃபா தடுப்பானை, பயோட்ரியால் என்ற சோதனை நிறுவனம் ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. பங்கேற்பவருக்கு 1,900 யூரோ. முந்தைய ஆறு மாதங்களில் 80க்கும் மேற்பட்டோர் குறைந்த அளவிலோ ஒற்றை வேளையாகவோ அதை உட்கொண்டு பெரிய தொல்லையின்றி வீடு திரும்பியிருந்தார்கள். ஜனவரி 6 அன்று தொடங்கிய குழுவில் 8 ஆண்கள். 6 பேருக்கு நாளுக்கு 50 மில்லிகிராம் மருந்து, 2 பேருக்கு மருந்தில்லாத வேளை. ஐந்தாம் நாள் மாலை ஒருவர் நோயுற்று மருத்துவமனைக்குப் போனார். மறுநாள் காலை, அவருக்கு என்ன ஆயிற்று என்று தெளியும் முன்பே, மற்ற ஐவருக்கும் அடுத்த வேளை கொடுக்கப்பட்டது. பின்னால் நடந்த அரசு விசாரணை இதைக் கடுமையாகக் குறை சொன்னது. முதலாமவர் 17ஆம் தேதி இறந்தார். மற்ற ஐவரில் நால்வருக்கு நரம்புப் பாதிப்பின் அறிகுறிகள் தெரிந்தன. ஸ்கேன் படங்களில், நினைவைக் காக்கும் ஹிப்போகாம்பஸிலும் மூளைத்தண்டின் பான்ஸ் பகுதியிலும் இருபுறமும் ஒத்த புண்கள். ஆனந்தத்தைக் காக்க வந்த மருந்து செய்த வேலை இது.

ஃபாவைத் தடுத்ததால் வந்த வினை என்றுதான் முதலில் பலர் எண்ணினார்கள். ஜான்சன் அண்ட் ஜான்சன் தன் சொந்த ஃபா தடுப்பானின் சோதனைகளை முன்னெச்சரிக்கையாக நிறுத்திவைத்தது. ஆனால் ஸ்காட்லாந்துப் பெண்ணின் வாழ்க்கையும் ஃபா இல்லாத சுண்டெலிகளும் வேறு சேதி சொல்கின்றன. ஃபைசரின் மருந்து ஃபாவை இதைவிடத் திறமையாகவே தடுத்தது, யார் மூளையிலும் புண் வரவில்லை. அப்படியானால் குற்றவாளி ஃபாவின் நிறுத்தமல்ல, இந்த மூலக்கூறு செய்த வேறு ஏதோ. அது என்னவென்று தேடியவர்கள் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் மரியோ வான் டெர் ஸ்டெல்ட்டும், ஸ்க்ரிப்ஸில் க்ராவட்டும், அவர்களோடு சேர்ந்தவர்களும். வழி எளிமையானது, அழகானதும்கூட. செரின் நொதிகள் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும் ஒரு பொருளில் ஒளிரும் சாயத்தைக் கட்டிவிடுவார்கள். அதைச் செல்லின் சாற்றில் கலந்தால், குழி காலியாக இருக்கும் நொதியெல்லாம் சாயம் பூசிக்கொள்ளும்; ஏற்கெனவே தடுப்பான் உட்கார்ந்துவிட்ட நொதிக்குச் சாயம் ஏறாது. பிறகு எல்லாவற்றையும் ஒரு ஜெல் தகட்டில் எடைவாரியாக ஓடவிட்டு விளக்கொளியில் பார்த்தால், எங்கெங்கே கோடு காணாமல் போயிருக்கிறதோ அங்கெல்லாம் மருந்து கை வைத்திருக்கிறது என்று பொருள். வருகைப் பதிவேட்டைப் பார்த்து வராதவரைக் கண்டுபிடிப்பது போல. 2017 ஜூனில் சயன்ஸ் இதழில் வந்த முடிவு: மனித செல்களில் ஃபைசரின் மருந்து ஃபாவோடு நிறுத்திக்கொண்டது. பி.ஐ.ஏ. 10-2474 ஃபாவோடு மேலும் பல கொழுப்பு நொதிகளையும் தடுத்திருந்தது. அதில் நனைந்த மூளை நரம்பு செல்களில் கொழுப்புகளின் அளவே பல இடங்களில் புரண்டுகிடந்தது. (இந்தச் சோதனையின் சாயப்பொருள் வேதியியல் முறையில் நரம்பு நச்சுகளின் உறவுக்காரன். நஞ்சின் பல்லைக் கொண்டே நஞ்சைத் தேடியிருக்கிறார்கள்.)

காணாமல் போன கோடுகளில் ஒன்று பழைய கதையை எழுப்புகிறது. என்.டி.இ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்த நொதி, நரம்பு செல்களின் சவ்வுக் கொழுப்பான பாஸ்ஃபாடிடைல் கோலினையும் அதன் கிளைப்பொருளையும் உடைப்பது. அதன் மரபணு பழுதானவர்களுக்குக் கால்கள் விறைத்துத் தளரும் பரம்பரை நோய் வருகிறது. 1930இல், மதுவிலக்குக் காலத்து அமெரிக்காவில், மதுவுக்கு மாற்றாகக் குடிக்கப்பட்ட இஞ்சிச் சாராயத்தில் ட்ரை-கிரெசைல் பாஸ்ஃபேட் என்ற பொருளைக் கலப்படம் செய்தார்கள். பல்லாயிரம் பேர் கால் விளங்காமல் போனார்கள். அந்தப் பொருள் போய்த் தாக்கும் இடத்தைப் பிரிட்டனில் மார்ட்டின் ஜான்சன் 1969இல் இனம் கண்டபோது கிடைத்ததுதான் என்.டி.இ. இதே நஞ்சு தமிழ் வீடுகளுக்குள்ளும் நுழைந்திருக்கிறது. 1977, 78 ஆண்டுகளில் இலங்கை மலையகத்தில், இருபதுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்குத் திடீரென்று கைகால்கள் தளர்ந்தன. எல்லாரும் அண்மையில் பருவமடைந்தவர்கள். சமைந்த பெண்ணுக்கு நல்லெண்ணெய் கொடுப்பது நம் வீடுகளில் தெரிந்த வழக்கம். எலும்புக்கும் இடுப்புக்கும் வலு என்பார்கள். நிமல் சேனாநாயக்கவும் ஜெயரத்தினமும் நூல் பிடித்துப் போனபோது, அந்த எண்ணெயில் ட்ரை-கிரெசைல் பாஸ்ஃபேட் இருந்தது. முன்பு கனிம எண்ணெய் வைத்திருந்த கலன்களில் நல்லெண்ணெயை ஏற்றிவந்ததில் கலந்திருக்கலாம் என்று 1981இல் லான்செட் இதழில் எழுதினார்கள். வலுவுக்கென்று ஊட்டிய எண்ணெய், நரம்பின் கொழுப்பைப் பராமரிக்கும் ஒரு நொதியைக் கொண்டுபோய்விட்டது. யாரும் எந்த நொதியையும் குறிவைக்காத இடத்தில் நடந்தது இது. குறி ஒன்றிருந்தும் பக்கத்திலிருந்தவற்றையும் சேர்த்துச் சாய்த்தது ரென் மருந்து. நொதிக்கு இரண்டும் ஒன்றுதான்.

இங்கே நியாயமான மறுப்பு வரும். இரண்டு நோய்களும் ஒன்றல்லவே? உண்மைதான். ட்ரை-கிரெசைல் பாஸ்ஃபேட் நஞ்சு ஒன்றிரண்டு வாரம் கழித்துக் கால் நுனியிலிருந்து மேலேறும். ரென்னில் ஐந்தே நாளில் மூளைக்குள் புண் வந்தது. என்.டி.இ.தான் அந்த உயிரை வாங்கியது என்று 2017 ஆய்வும் சொல்லவில்லை. கிண்ணத்தில் வளர்த்த செல்களில் கண்டதை இறந்தவரின் மூளையில் காட்டிவிட முடியாது. பிரெஞ்சு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் நிபுணர் குழுவும், குறிதவறிய தாக்குதலே ஏற்கத்தக்க விளக்கம் என்ற அளவில்தான் நிறுத்தியது. இதனால் என் வாதம் தளர்வதாக நான் நினைக்கவில்லை. எந்த ஒரு நொதியின் நிறுத்தம் கொன்றது என்று பெயர் சொல்ல முடியாவிட்டாலும், பல நொதிகள் ஒருசேர நின்றன என்பது ஜெல்லில் கண்ணால் கண்டது. ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்கும் நொதிகளில் இரண்டு மூன்று சேர்ந்தாற்போல நின்றால் என்ன நடக்கும் என்பதைத் தனித்தனி நொதியைப் பார்த்து ஊகிக்கவும் முடியாது.

சுண்டெலி, எலி, நாய், குரங்கு எல்லாவற்றிலும் பார்த்துவிட்டுத்தானே மனிதருக்குக் கொடுத்தார்கள் என்பது அடுத்த மறுப்பு. விலங்குச் சோதனை எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதற்கும் அந்தக் கலப்படக் கதையே விடை வைத்திருக்கிறது. தாமதமாக வரும் அந்த வாத நோயை எலிகளில் எளிதில் பார்க்க முடியாது. நஞ்சியலாளர்கள் இன்றுவரை அதற்குப் பயன்படுத்துவது முட்டையிடும் பெட்டைக்கோழியை. கோழிக்கு மனிதரைப் போலவே கால் தளரும். ஒரே நொதி, ஒரே தடுப்பான், இரண்டு விலங்குகளில் இரண்டு முடிவுகள். எலி நன்றாக ஓடுகிறது என்பதற்காக நொதிகள் நலமாக இருக்கின்றன என்று முடிவுகட்டக் கூடாது. நொதியிடமே கேட்க வேண்டும், அதுவும் மனித நொதியிடம்.

மூன்றாவது மறுப்பை நான் பெரிதும் மதிக்கிறேன்: தப்பு மருந்தில் இல்லை, அளவில்தான். ஃபாவை முழுவதும் நிறுத்தச் சில மில்லிகிராமே போதும் என்று நிபுணர் குழு கணக்கிட்டது. பிறகு எதற்கு 50? தொல்லை தெரியும் வரை ஏற்றிக்கொண்டே போவது முதல்கட்டச் சோதனைகளில் ஊறிப்போன பழக்கம். இந்தக் குற்றச்சாட்டு முற்றிலும் சரி. ஆனால் அளவும் தேர்ந்தெடுக்கும் குணமும் இரண்டு தனிக் கேள்விகள் அல்ல. பஸ்ஸில் இருக்கைகள் நிறைந்த பிறகும் ஆள் ஏறிக்கொண்டே இருந்தால் மிச்சப்பேர் படியில் தொங்குவார்கள், கூரை மேலும் ஏறுவார்கள். ஃபாவின் குழிகளெல்லாம் நிரம்பிய பின் உள்ளே வரும் ஒவ்வொரு மூலக்கூறும் உட்கார வேறு இடம் தேடும். எந்த மருந்தும் போதிய அளவில் குறிதவறும். நல்ல மருந்து, குறி நிறைந்ததற்கும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதற்கும் நடுவே அகன்ற இடைவெளி வைத்திருக்கும். அந்த இடைவெளியை அளக்காமல் அளவைக் கூட்டியதுதான் ரென்னின் பிழை. 2017இல் திருத்தப்பட்ட ஐரோப்பிய வழிகாட்டுதல், அளவைக் கூட்டும்போது குறி எந்த அளவில் நிறைகிறது என்பதையும் கருதச் சொல்கிறது.

ஆஸ்பிரினும் ஒன்றுக்கு மேற்பட்ட நொதிகளைத் தடுக்கிறது, நூறாண்டுக்கு மேலாக விழுங்கிக்கொண்டுதானே இருக்கிறோம் என்றும் கேட்கலாம். ஆஸ்பிரின் தவறித் தொடுவதால் வயிறு புண்ணாகும். வயிற்றின் உள்தோல் சில நாள்களில் புதிதாக முளைத்துவிடும். நரம்பு செல்லுக்கு அந்த வசதி இல்லை. அதற்காக மூளைக் கொழுப்பு நொதிகளின் பக்கமே போக வேண்டாம் என்றும் சொல்லத் தேவையில்லை. ரென்னில் கண்ட கேடு அந்த ஒரு மூலக்கூறுக்கு மட்டுமே உரியது, மற்ற ஃபா தடுப்பான்களுக்குப் பொருந்தாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2016 ஆகஸ்டில் அறிவித்தது. முழங்காலில் தோற்ற அதே ஃபைசர் மருந்தை யேல் பல்கலைக்கழகத்தினர் கஞ்சாப் பழக்கத்தை விட முயன்ற 70 ஆண்களிடம் நான்கு வாரம் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். பழக்கத்தை நிறுத்தும்போது வரும் தவிப்பும் குறைந்தது, கஞ்சா உபயோகமும் குறைந்தது, கடுமையான கேடு எதுவும் இல்லை. சிறிய சோதனைதான். ஆனால் ரென்னில் நிறுத்தப்பட்ட அதே ஃபா இங்கே மருந்து பெற்றவர்களிடமும் நான்கு வாரம் நின்றது. எல்லாரும் பிழைத்து வீடு போனார்கள்.

ஒளிரும் சாயத்தால் நொதிகளின் வருகைப் பதிவேட்டை எடுக்கும் அந்த முறை, ரென் விபத்தை விளக்குவதற்காகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. க்ராவட் குழு அதன் முதல் வடிவத்தை 1999இல் வெளியிட்டிருந்தது, 50 மில்லிகிராம் குழுவுக்கு முதல் வேளை கொடுக்கப்பட்ட நாளுக்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே.